சிவப்புக் கட்டடமும் பச்சை நிழலும்: பெங்களூருவில் இரண்டு நாள்

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குப் பெங்களூரு புதிய ஊர் இல்லை. தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளையோ பெண்ணோ அங்கேதான் வேலையில் இருப்பார்கள். பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கு இரண்டு நாளும் அடுக்குமாடி பால்கனி, ஒரு மால், ஒரு ஹோட்டல், மிச்ச நேரமெல்லாம் டிராஃபிக். "இதெல்லாம் ஒரு ஊரா?" என்று அலுத்துக்கொண்டே ரயிலேறுவார்கள்.

அதே இரண்டு நாளில் வேறு ஒரு பெங்களூருவையும் பார்த்துவிட்டு வரலாம். அதற்குக் கார் தேவையில்லை. மெட்ரோ, நல்ல செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில் போதும். கப்பன் பூங்கா, லால்பாக் என்ற இரண்டு தோட்டங்களையும் அவற்றைச் சுற்றி நிற்கும் சில கட்டடங்களையும் நடந்தே பார்த்தால், அந்த ஊரின் 250 ஆண்டுக் கதை கையில் வந்துவிடும். இவற்றில் சில தானாகப் பிழைத்து நிற்கவில்லை. யாரோ சிலர் விடாப்பிடியாக நின்றதால்தான் இன்று பார்க்கக் கிடைக்கின்றன.

சனிக்கிழமை காலை: கப்பன் பூங்கா

மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் 'கப்பன் பார்க்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. படியேறி வெளியே வந்தால் பூங்காவின் ஓரம். சாலையின் ஹாரன் சத்தம் உள்ளே நடக்க நடக்கத் தேய்ந்துபோகும்.

இந்தப் பூங்கா 1870-ல் உருவானது. மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி வடிவமைத்தார். தொடக்கத்தில் 100 ஏக்கர். பிறகு விரிந்து 300 ஏக்கர் அளவுக்கு வந்தது. முதலில் மீட் என்ற ஆணையரின் பெயர் இருந்தது. பிறகு, 1834 முதல் 1861 வரை ஆணையராக இருந்த மார்க் கப்பனின் பெயர் வந்தது. 1927-ல் அரசு 'சாமராஜேந்திர பூங்கா' என்று அதிகாரப்பூர்வமாக மாற்றியது. ஆனால் ஆட்டோக்காரர் முதல் மெட்ரோ அறிவிப்பு வரை எல்லோருக்கும் இன்னும் கப்பன்தான்.

தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் பாதைக்கு மேலே ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மூங்கில் புதர் ஒன்று இருக்கிறது. உச்சி வெயிலிலும் அதனடியில் இருட்டு. அங்கங்கே பாறைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை உடைத்து எடுக்காமல் அப்படியே விட்டுப் பூங்காவை அமைத்ததால், நகரத்துக்குள் காடு புகுந்த மாதிரி ஒரு தோற்றம்.

சனிக்கிழமை காலையில் போனால் வேறொரு காட்சியும் உண்டு. மரத்தடியில் பாய் விரித்து, ஆளுக்கொரு புத்தகத்தோடு நூற்றுக்கணக்கானவர்கள் பேசாமல் படித்துக்கொண்டிருப்பார்கள். 'கப்பன் ரீட்ஸ்' என்ற இந்த வழக்கம் 2023 ஜனவரியில் இரண்டு நண்பர்கள் சைக்கிளில் வந்து உட்கார்ந்து படித்ததில் தொடங்கியது. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, தலைவர் உரை இல்லை. இதைப் பார்த்துச் சென்னை உட்படப் பல ஊர்களில் ஆரம்பித்துவிட்டார்கள். போனில் மூழ்கிய பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லும் அறிவுரையைவிட இந்தக் காட்சி நன்றாக வேலை செய்யும்.

சிவப்பு நூலகமும் ஒரு பாலக்காட்டுத் திவானும்

பூங்காவின் நடுவே, பூப்பாத்திகளுக்கு மேல் எழும்பி நிற்பது சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். செந்நிறச் சுவர், வெள்ளைத் தூண்கள், ஐரோப்பிய மாளிகை போன்ற முகப்பு. 1915-ல் கட்டியது. இன்று மாநில மத்திய நூலகம் இங்கே இயங்குகிறது.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சர் கே.சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். காவிரியின் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைக்கும் வேலையை முன்னெடுத்தவர் அவர். 1902-ல் மின்சாரம் முதலில் கோலார் தங்க வயலுக்குப் போனது. 1905-ல் பெங்களூரு தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. மண்டபத்துக்கு எதிரே அவரது சிலை நிற்கிறது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு செல்ஃபி எடுக்கலாம்.

அட்டாரா கச்சேரி: தன் வழக்கைத் தானே கேட்ட கட்டடம்

பூங்காவின் ஓரத்தில் நீளமாக, சிவப்பாக, இரண்டு மாடியில் நிற்பது கர்நாடக உயர் நீதிமன்றம். 1868-ல் கட்டி முடிக்கப்பட்டபோது அதன் பெயர் அட்டாரா கச்சேரி. 'அட்டாரா' என்றால் பதினெட்டு. அரசின் பதினெட்டுத் துறைகள் ஒரே கூரைக்கு அடியில் இருந்ததால் வந்த பெயர்.

கட்டுமானத்தைப் பொறுப்பெடுத்து நடத்தியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். சிறு வியாபாரியாகத் தொடங்கிப் பெரிய ஒப்பந்ததாரராக உயர்ந்தவர். சம்பாதித்ததில் ஒரு பகுதியை 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியில் போட்டார். அது வளர்ந்து இன்று ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். கல்வி நிறுவனங்களாக அல்சூர் பக்கம் நிற்கிறது. அந்த எழுத்துகளில் ஒளிந்திருப்பது அவர் பெயர்தான்.

இந்தக் கட்டடம் 1980-களில் மண்ணோடு மண்ணாகியிருக்க வேண்டியது. பழையதாகிவிட்டது, இடம் போதவில்லை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. வழக்குப் போட்டார்கள். எந்தக் கட்டடத்தை இடிக்கலாமா கூடாதா என்று வழக்கோ, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வாதம் நடந்தது. கடைசியில் கட்டடம் தப்பியது. கூடுதல் இடத்துக்காகப் பின்பக்கம் அதே சிவப்பில் புதிய பகுதிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். இடப்பற்றாக்குறையும் தீர்ந்தது, பழைய முகப்பும் இருக்கிறது. பழைய பள்ளிக்கூடத்தையும் தாலுகா ஆபீஸையும் பார்த்ததும் "இடிச்சுட்டுக் கட்டு" என்கிற ஊர்களெல்லாம் ஒரு நடை வந்து பார்க்க வேண்டிய இடம் இது.

எதிரே எழுந்த கருங்கல் பதில்

அட்டாரா கச்சேரிக்கு நேர் எதிரே விதான சௌதா. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று மாறி மாறிப் பார்ப்பதில்தான் சுவாரசியம். அந்தப் பக்கம் ஆங்கிலேயர் காலத்துச் சிவப்பு. இந்தப் பக்கம் சுதந்திர இந்தியாவின் கருங்கல்.

1951 ஜூலை 13 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது இருந்த வரைபடம் எளிமையான அலுவலகக் கட்டடம்தான். அடுத்த ஆண்டு முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தையா அதை ஓரம் வைத்தார். நம் ஊர்க் கோயில் தூண், நம் ஊர்ச் சிற்ப வேலை, நம் ஊர்க் கல் இவற்றை வைத்தே மக்களாட்சிக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்றார். பொறியாளர் பி.ஆர்.மாணிக்கம் அதை வடிவமாக்கினார். 700 அடி நீளம், 350 அடி அகலம். முகப்பில் 40 அடி உயரத்தில் 12 கருங்கல் தூண்கள். மேலே குவிமாடம், அதன் உச்சியில் சிங்கமுகத் தூண். கல் உடைத்தவர்கள், செதுக்கியவர்களோடு சிறைக் கைதிகளும் ஆயிரக்கணக்கில் இங்கே வேலை செய்தார்கள்.

செலவு சுமார் 1.8 கோடி ரூபாய். இன்று அந்தப் பணத்துக்குப் பெங்களூருவின் நல்ல பகுதியில் ஒரு ஃப்ளாட் வாங்குவதே கஷ்டம். அன்றைக்கு அது பெரிய தொகை. "இவ்வளவு ஆடம்பரம் எதற்கு?" என்ற கேள்வி ஹனுமந்தையாவை விடாமல் துரத்தியது. 1956-ல் கட்டடம் எழுந்தது. அதே ஆண்டு அவர் பதவி போனது. 'அரசின் வேலை ஆண்டவன் வேலை' என்ற பொருளில் அவர் பொறிக்கச் சொன்ன கன்னட வாசகம் முகப்பில் இன்னும் இருக்கிறது. அவரைக் குறை சொன்னவர்கள் பெயர் பலருக்கும் மறந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் ஒவ்வொரு பெரிய அரசுக் கட்டடம் எழும்போதும் திரும்ப வருகிறது, வரவும் வேண்டும்.

சனிக்கிழமை மாலையைப் பேலஸ் ரோட்டில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு ஒதுக்கலாம். சுரங்கத் தொழிலில் செல்வம் சேர்த்த மாணிக்கவேலு முதலியாரின் மாளிகை அது. 2009 முதல் கலைக்கூடமாக இருக்கிறது. ஓவியம் புரியாதவர்களுக்கும் அந்த மாளிகையும் மரங்களும் குளிர்ச்சியும் பிடித்துவிடும். அங்கிருந்து சர்ச் தெருவுக்குப் போனால் பழைய புத்தகக் கடைகளும் இந்தியன் காபி ஹவுஸும் இரவுவரை நேரத்தை விழுங்கிக்கொள்ளும்.

ஞாயிறு காலை: லால்பாக்

சென்னையிலிருந்து போகும் ரயிலுக்கே பெயர் கொடுத்த தோட்டம். மெட்ரோவின் கிரீன் லைனில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கம். ஆறு மணிக்கெல்லாம் நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டம் சேர்ந்துவிடும்.

1760-ல் ஹைதர் அலி 40 ஏக்கரில் தொடங்கினார். மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து செடியும் விதையும் வரவழைத்து நட்டார். இப்போது 240 ஏக்கர். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மரமோ பூவோ இல்லை, தோட்டத்துக்குள் யானை படுத்த மாதிரி கிடக்கும் பாறை. வயது சுமார் 300 கோடி ஆண்டு. தென்னிந்தியாவின் அடித்தளமாக இருக்கும் பழைய பாறை வகையைச் சேர்ந்தது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்ற பலகையும் உண்டு. பெரியவர்களும் மெதுவாக ஏறிவிடலாம்.

உச்சியில் ஒரு சின்னக் கல் மண்டபக் கோபுரம். பெங்களூருவை உருவாக்கிய கெம்பேகவுடாவின் வம்சத்தார் நாலு திசையிலும் எழுப்பிய நான்கு கோபுரங்களில் ஒன்று. ஒரு காலத்தில் ஊரின் எல்லையாகப் பேசப்பட்டது. இப்போது அங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் அடுக்குமாடிகள். ஊர் எவ்வளவு வளர்ந்தது என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

கண்ணாடி மாளிகையும் சௌசௌவும்

லால்பாகின் அடையாளம் கண்ணாடி மாளிகை. 1889-ல் விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். லண்டனின் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வார்ப்பிரும்பு வரவழைத்து நிறுத்தினார்கள். லண்டனில் இருந்தது 1936-ல் எரிந்து போனது. லால்பாகில் இருப்பது இன்னும் நிற்கிறது. குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டிய மலர்க் கண்காட்சிகளின்போது உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. சாதாரண ஞாயிறுகளில் கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம்.

இதைக் கட்டிய காலத்தில் தோட்டப் பொறுப்பாளராக இருந்தவர் ஜான் கேமரன். நம் சமையலறைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சௌசௌவைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். கன்னடத்தில் அதற்குச் 'சீமே பதனேகாய்', அதாவது சீமைக் கத்திரிக்காய் என்று பெயர். தமிழில் சிலர் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்பதும் இதனால்தான். அடுத்த முறை சௌசௌ கூட்டு வைக்கும்போது கேமரனை நினைத்துக்கொள்ளலாம்.

அவருக்குப் பின் 1908-ல் வந்தவர் குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பிகல் என்ற ஜெர்மானியர். மரம் நடுவதில் இவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு வகை மரம் பூத்து ஓயும்போது அடுத்த தெருவில் இன்னொரு வகை பூக்கத் தொடங்க வேண்டும். வருடத்தில் எந்த மாதமும் நகரத்தில் பூ இல்லாமல் போகக் கூடாது. இன்றும் வருடத் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, அதையொட்டி ஊதா ஜகரண்டா, ஏப்ரல், மே மாதங்களில் சிவப்புக் குல்மோகர் என்று சாலைகள் நிறம் மாற்றுகின்றன. சமூக வலைதளங்களில் வருடா வருடம் சுற்றும் அந்த இளஞ்சிவப்புப் படங்களுக்குப் பின்னால் ஒரு தோட்டக்காரரின் நூறு வருடப் பழைய யோசனை இருக்கிறது. 1956-ல் இறந்த க்ரும்பிகலின் கல்லறை பெங்களூருவிலேயே, ஓசூர் ரோட்டில் உள்ளது.

பசி எடுக்கும் நேரத்துக்கு லால்பாக் ரோட்டில் எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கிய உணவகம். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது, அரிசிக்குப் பதில் ரவையில் முயன்று பார்த்ததுதான் ரவா இட்லி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஞாயிறு காலையில் காத்திருக்காமல் இடம் கிடைக்காது.

மரத்தில் ஒரு மாளிகை

சாப்பிட்ட பிறகு மெட்ரோவில் இரண்டு நிலையம் தள்ளி கே.ஆர்.மார்க்கெட்டில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் திப்புவின் கோடை மாளிகை. ஹைதர் தொடங்கி 1791-ல் திப்பு காலத்தில் முடிந்தது. தேக்குத் தூண்கள், வளைவுகள், பால்கனிகள் என்று பெரும்பகுதி மரம். சுவரில் பழைய பூவேலைப்பாட்டின் நிறம் அங்கங்கே மிச்சமிருக்கிறது. சொர்க்கமே பொறாமைப்படும் இடம் என்ற பொருளில் இதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். மாளிகை முடிந்த அதே 1791-ல், மார்ச் மாதம் கார்ன்வாலிஸின் படை பெங்களூரு கோட்டையைப் பிடித்தது. அந்தப் பொறாமையை அனுபவிக்கத் திப்புவுக்கு அவகாசம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

நிழலுக்கு யார் காவல்?

கப்பன் பூங்காவுக்கும் லால்பாகுக்கும் காவலாக 1975-ல் கர்நாடக அரசு தனிச் சட்டமே போட்டது. ஆனாலும் சட்டம் மட்டும் காப்பாற்றிவிடவில்லை.

1980-களில் எஸ்.ஜி.நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி, தெருத்தெருவாக மரம் நடும் பெரிய வேலையை எடுத்தார். சுமார் 15 லட்சம் மரங்கள். கன்று வைத்தவுடன் புகைப்படம் எடுத்துவிட்டுப் போகும் வேலை இல்லை அது. கூண்டு போட்டு, தண்ணீர் விட்டு, வீட்டுக்காரர்களையும் பொறுப்பாக்கி வளர்த்தார்கள்.

2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டருக்கு இரும்புப் பாலம் கட்டத் திட்டம் வந்தது. 800-க்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்றார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்துச் சாலையோரம் நின்றார்கள். 'ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா', அதாவது வேண்டாம் என்பதுதான் கோஷம். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 2025-ல் சுரங்கச் சாலைத் திட்டத்துக்கு லால்பாக் நிலத்தில் ஒரு பகுதி கேட்கப்பட்டபோதும் எதிர்ப்பு எழுந்தது.

டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் நிற்கிறவருக்குப் பாலம் வேண்டும் என்று தோன்றுவது நியாயம்தான். இந்த ஊரில் அந்த வழக்கு தினமும் நடக்கிறது. ஒரு பக்கம் வேலைக்குப் போக வேண்டியவர்கள், இன்னொரு பக்கம் நிழலைக் கேட்பவர்கள். பல நேரம் இருவரும் ஒரே ஆள். வாரத்தில் ஐந்து நாள் சாலை விரியாதா என்று ஏங்குகிறவர்தான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு கப்பன் பூங்காவுக்கு வருகிறார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* கே.எஸ்.ஆர். பெங்களூரு ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே மெஜஸ்டிக் மெட்ரோ. பர்ப்பிள், கிரீன் இரண்டு லைனும் இங்கே சந்திக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போது ரயில் எந்த நிலையத்துக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. விஸ்வேஸ்வரய்யா டெர்மினலில் இறங்கினால் மெட்ரோவுக்குத் தனியாகப் போக வேண்டும்.

* ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவுக்குள் வாகனங்களை விடுவதில்லை. சின்னக் குழந்தைகள், வயதானவர்களோடு வருகிறவர்கள் முதல் நாளுக்குப் பதிலாக அன்று போகலாம். பூங்காவுக்குள் குழந்தைகளுக்கான பால் பவனும் இருக்கிறது.

* விதான சௌதாவைச் சாதாரணமாக வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 2025 முதல் சில வார இறுதி நாட்களில் வழிகாட்டியோடு கட்டணச் சுற்றுலா தொடங்கியிருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போக வேண்டும்.

* ஞாயிறு மாலை விதான சௌதா முழுக்க விளக்குப் போடுவார்கள். இரவு ரயிலில் திரும்புகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டே மெஜஸ்டிக் போகலாம். அங்கிருந்து இரண்டே நிலையம்.

* மதிய மழை சொல்லாமல் வரும் ஊர். பையில் குடை இருக்கட்டும்.

* கலைக்கூடம் திங்கட்கிழமை விடுமுறை. பயணத்தை ஒரு நாள் நீட்டுகிறவர்கள் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

அடுத்த முறை பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர், மாலுக்குக் கூப்பிட்டால் "மொதல்ல லால்பாக் பாறைக்குக் கூட்டிட்டுப் போ" என்று கேட்கலாம். அங்கேயே வேலை பார்க்கும் பிள்ளைகளில் பலர் இதுவரை அதில் ஏறியிருக்க மாட்டார்கள்.